கயிறு கட்டியவர் யார்? – எவரெஸ்ட் நூல்கள் பற்றிச் சில குறிப்புகள்

மலையேற்ற நூல்களை இலக்கியமாகக் கொள்ளலாமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர். வீரச் செயலொன்றின் வெறும் விவரணம், விடுமுறை நாளில் வாசித்துவிட்டு ஒதுக்கத் தக்கது என்பது அவர்தம் எண்ணம். முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர் சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, பணம் படைத்தோரின் பொழுதுபோக்கைப் பற்றி உழைக்கும் மக்களின் ஏடு ஏன் பேசவேண்டும் என்பர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். கட்டணம் செலுத்தி, வழிகாட்டிகளின் துணையோடு இமயத்தின் பேருச்சிகளுக்குச் செல்லும் பயணம் இன்று ஒரு தொழில். அத்தொழிலிலே முதலாளி உண்டு, ஒப்பந்தம் உண்டு, கூலி உண்டு, காப்புறுதி உண்டு, வேலைநிறுத்தமும் உண்டு. தனக்கென ஓர் இலக்கிய வகையையும் அத்தொழில் பெற்றெடுத்திருக்கிறது. எந்த உழைப்பு உறவிலிருந்து ஓர் இலக்கிய வகை பிறக்கின்றதோ, அவ்வுறவின் தழும்பை அதன் வசனத்திலேயே காணலாம். அத்தழும்பைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1953 மே 29ஆந் திகதி டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். படைத்துறை அதிகாரியான ஜோன் ஹண்ட் தலைமை தாங்கிய அந்தப் பிரித்தானியக் குழுவிலே சென்ற மலையேறிகள் தகுதி நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பணங் கொடுத்து இடம் பெற்றவர்கள் அல்லர். 1985இல் டெக்சாஸ் மாநிலத்துச் செல்வந்தர் டிக் பாஸ், டேவிட் பிரீஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறியின் துணையுடன் தமது 55ஆவது வயதில் உச்சியை அடைந்தார். பணமும் மனவுறுதியும் இருந்தால் எவருக்கும் இயலும் என்ற நம்பிக்கை அதன் பின்னரே பரவலாயிற்று. தொண்ணூறுகளிலே கொம்பனிகள் வந்தன. 1996இல் நியூசீலாந்தவரான ரொப் ஹோல் ஒருவரிடம் வாங்கிய கட்டணம் 65,000 டொலர். நேபாள அரசு வெளிநாட்டவரிடம் அறவிடும் உரிமக் கட்டணம் மாத்திரமே 11,000 டொலராக இருந்து 2025 செப்டெம்பரில் 15,000 டொலராயிற்று.

இப்பணம் எதனை வாங்குகின்றது? அடிவார முகாமுக்கு மேலே கும்புப் பனியருவி இருக்கிறது. பனியாறு சரிந்து இறங்கும் அவ்விடத்தில் வீட்டளவான பனிக்கட்டிகள் ஓயாது நகர்ந்த வண்ணமிருக்கும். நேற்று இருந்த வெடிப்பு இன்று அதே அகலத்தில் இராது. அவ்வெடிப்புகளின் குறுக்கே அலுமினிய ஏணிகளை வைத்து, கயிறு கட்டிப் பாதை சமைக்கும் தொழிலாளருக்குப் 'பனியருவி வைத்தியர்' என்று பெயர். பருவம் முழுவதும் அப்பாதையைச் செப்பனிடுவது அவர்கள் பொறுப்பு. அதற்கும் மேலே நான்கு முகாம்கள். கூடாரம், அடுப்பு, எரிவாயு, உணவு, ஒட்சிசன் உருளை என்பன பெரும்பாலும் ஷெர்ப்பாக்களின் முதுகிலேயே மேலேறுகின்றன. செங்குத்தான பனிச்சுவர்களிலும் உச்சியை நோக்கிய முகட்டிலும் கயிறு கட்டப்படுகின்றது. வாடிக்கையாளர் தம் இடுப்புப் பட்டையோடு பிணைத்த பிடிகருவியை அக்கயிற்றிலே மாட்டி ஏறுவார். பனியருவியை வாடிக்கையாளர் கடக்கும் தடவைகளைக் குறைக்கவென, சில கொம்பனிகள் அவர்களை உடல் பழக்குவதற்குப் பக்கத்திலுள்ள லொபுச்சே மலைக்கு அனுப்புகின்றன. பொதி சுமப்பவருக்கு அவ்வாறான மாற்றுவழி கிடையாது. வெயில் ஏறுமுன், இருளிலே, சுமையோடு அவர் அதனை மீண்டும் மீண்டும் கடந்தாகவேண்டும்.

'கயிறு கட்டப்படுகின்றது' என்று நானும் எழுதிவிட்டேன். அதுவே இவ்விலக்கிய வகையின் அடிப்படை வாக்கியம். 'முகாம் அமைக்கப்பட்டிருந்தது', 'ஒட்சிசன் மேலே சேர்க்கப்பட்டிருந்தது', 'தேநீர் வந்தது' என்றவாறே இந்நூல்களின் பக்கங்கள் நகர்கின்றன. செயல் இருக்கும், செய்தவர் இரார். அடுத்த வரியிலே 'நான்' தோன்றுவார். நடந்தவர் 'நான்', மூச்சுத் திணறியவர் 'நான்', உச்சியில் நின்றவர் 'நான்'.

தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இதிலே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை விளக்குகையில் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாக வகுப்பர். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்பது முன்னையது. 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்பது பின்னையது. அரசன் ஒரு கல்லையும் தூக்கவில்லை. ஆயினும் கல்வெட்டிலே அவன் பெயரே இருக்கும். 'எவரெஸ்டை நான் வென்றேன்' என்னும் வாக்கியமும் அத்தகைய கல்வெட்டுத்தானே என்று ஒரு வகுப்பிலே நான் கூறியபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அரசனும் ஒரு கல்லைச் சுமந்திருந்தால் எப்படி, சேர்?" என்று கேட்டான். அக்கேள்வியே என்னை இக்கட்டுரைக்கு ஆற்றுப்படுத்தியது. ஏனெனில், வாடிக்கையாளர் சும்மா இருந்தவர் அல்லர். எட்டாயிரம் மீற்றருக்கு மேலே, கடல்மட்டத்தின் மூன்றிலொரு பங்கு ஒட்சிசன் மாத்திரமே கிடைக்குமிடத்தில், ஒருவருக்காக இன்னொருவர் மூச்சுவிட முடியாது. ஒருவருடைய விரலுக்காக இன்னொருவருடைய விரல் கருகுவதுமில்லை. அவர் பட்ட வேதனை மெய். அதனை ஏளனஞ் செய்வது விமர்சனமாகாது. தம் வேதனையை எழுதுகையிலே பிறர் வேலையை எங்கே வைக்கின்றார் என்பதே கேள்வி.

இவ்வகையின் தலைசிறந்த படைப்பு ஜோன் கிரகாவரின் 'இன்டு தின் எயர்' (1997) என்பதில் ஐயமில்லை. 1996 மே 10, 11ஆந் திகதிகளில் எவரெஸ்டில் வீசிய புயலிலே எண்மர் இறந்தனர். ரொப் ஹோலும், போட்டிக் கொம்பனியை நடத்திய அமெரிக்கரான ஸ்கொட் பிஷரும் அவர்களுள் அடங்குவர். கிரகாவர் ஹோலின் குழுவிலே வாடிக்கையாளராகச் சென்ற பத்திரிகையாளர். எவரெஸ்ட் வணிகமயமானதைப் பற்றி எழுதுமாறு ஒரு சஞ்சிகை அவரை அனுப்பியது. அவருக்கான கட்டணத்தின் பெரும்பகுதிக்குக் கைமாறாகக் கொம்பனிக்கு அச்சஞ்சிகையிலே விளம்பர இடம் தரப்பட்டது. வணிகத்தைக் கண்டிக்கச் சென்ற பேனையே வணிகப் பண்டமாயிற்று! இம்முரண்பாட்டை ஆசிரியர் மறைக்கவில்லை. பத்திரிகையாளர் ஒருவர் உடனிருந்தமை வழிகாட்டிகளின் முடிவுகளைப் பாதித்திருக்குமோ என்று தம்மையே கேட்டுக்கொள்கின்றார். தென் கணவாயிலே தாம் கண்டது வழிகாட்டி அண்டி ஹரிஸ் என்று முதலிற் சஞ்சிகையில் எழுதி, அது வேறொருவர் என்று பின்னர் அறிந்து, தம் பிழையை நூலிலே ஒப்புக்கொள்கின்றார். அந்த நேர்மைக்காகவே இந்நூலை நம் மாணவர் வாசிக்கவேண்டும் என்பேன்.

எனினும் இந்நூலையே ஊன்றி வாசித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். அடிவாரத்திலிருந்து தென் கணவாய் வரை கயிறுகள் இருந்தன. கட்டியவர் பெயரைக் கேட்க எவருக்கும் தேவை எழவில்லை. மே 10ஆந் திகதி, தென் கணவாய்க்கு மேலே, கயிறு கட்டப்படாமல் இருந்தது. இரு குழுக்களின் ஷெர்ப்பாக்களும் முன்னதாகச் சென்று கட்டவேண்டும் என்ற ஏற்பாடு நிறைவேறவில்லை. வாடிக்கையாளர் வரிசையிற் காத்துநின்றனர், மணித்தியாலங்கள் வீணாயின. அப்பொழுது, ஆம், அப்பொழுதுதான், எழுவாய் தேடப்படுகின்றது. கட்டியிருக்கவேண்டியவர் யார்? பிஷரின் குழுவுக்கு ஷெர்ப்பாத் தலைவரான லொப்சாங் ஜாங்பு. அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வாடிக்கையாளரான ஒரு செல்வச் சீமாட்டியைக் குறுங்கயிற்றிலே பிணைத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அதே சீமாட்டியின் செய்மதித் தொலைபேசியைத் தென் கணவாய்க்குச் சுமந்து களைத்தவரும் அவரே.

வெற்றியிலே மறைந்துபோகும் பெயர் விபத்திலே வெளிவருகின்றது. ஒரு தொழிலாளி செய்த ஆயிரம் வேலைகள் செயப்பாட்டு வினையில் அடங்கிவிட, செய்யத் தவறிய ஒரு வேலை அவர் பெயரோடு அச்சேறுகின்றது. லொப்சாங் அன்று செய்தது சரி என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் ஓர் இளைஞர், தம் முதலாளியின் விளம்பரத்துக்கு இன்றியமையாத வாடிக்கையாளரை எப்படியாயினும் உச்சிக்குச் சேர்த்துவிடவேண்டும் என்று எண்ணியிருந்தால், அவ்வெண்ணத்தை அவர் மனத்திலே விதைத்தது எது? கிரகாவர் இதனைத் தொட்டுக் காட்டுகின்றார். ஆயினும் தனிமனிதரின் தவறுகளைக் கணக்கிடுவதிலேயே நூலின் விசை செல்கின்றது. லொப்சாங் 1996 செப்டெம்பரிலே, அதே மலையிற் பனிச்சரிவில் அகப்பட்டு இறந்தார். நூல் வெளிவந்தது 1997இல். அதற்கு மறுமொழி கூற அவர் இல்லை.

மறுமொழி கூறக் கிடைத்தவர் அனத்தோலி புக்கிரேயெவ். பிஷரின் வழிகாட்டியான அவர் ஒட்சிசன் இன்றி ஏறியதையும் வாடிக்கையாளருக்கு முன்னதாக இறங்கியதையும் கிரகாவர் கண்டித்தார். புயலிலே தனியாக வெளியேறி மூவரை மீட்டுவந்ததையும் மறவாது பதிவுசெய்தார். புக்கிரேயெவ், வெஸ்டன் டிவோல்ட் என்பாருடன் சேர்ந்து எழுதிய 'தி கிளைம்ப்' அதே 1997இல் வெளிவந்தது. வசன இலக்கியமாக அது கிரகாவரின் நூலுக்கு ஈடன்று. ஆனால் அதிலே ஒலிக்கும் குரல் வேறு. புக்கிரேயெவ் சோவியத் மலையேற்றப் பயிற்சியிலே உருவானவர். அங்கே மலையேற்றம் கூட்டு முயற்சி. ஏறுபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட பின்னரே உயரத்துக்கு அனுப்பப்படுவான். அந்நாடு சிதறிய பின், தம் உடலின் வலுவையும் திறனையும் டொலருக்கு விற்கும் நிலைக்கு அவர் வந்தார். வாடிக்கையாளரைக் கைபிடித்து நடத்துவது வழிகாட்டியின் வேலையன்று, அவரைத் தகுதியுள்ளவராக்குவதே வேலை என்று அவர் கருதினார். ஆனால் கட்டணம் செலுத்தியவர் வாங்க விரும்பியது தகுதியையன்று, உச்சியை. இவ்விருவரின் வாதத்தை 'யார் சரி' என்ற வழக்காகவே மேலைநாட்டுப் பத்திரிகைகள் நடத்தின. உழைப்பு பற்றிய இரு கருத்துகள் ஒரே மலையில் மோதிக்கொண்டதை அவை காணவில்லை. புக்கிரேயெவ் 1997 டிசம்பரில் அன்னபூர்ணாவிலே பனிச்சரிவில் மாண்டார்.

வாடிக்கையாளர் என்றதும் குபேரனை மாத்திரம் மனத்திற் கொள்வோமானால், இந்நூல்கள் நமக்குத் தரும் மிகத் துயரமான பாத்திரத்தை இழந்துவிடுவோம். டக் ஹான்சன் ஒரு தபால் ஊழியர். இரவிலே தபாற் கந்தோரிலும் பகலிலே கட்டட வேலையிலும் உழைத்துப் பணஞ் சேர்த்தவர். 1995இல் உச்சிக்கு மிக அண்மையில் ஹோல் அவரைத் திருப்பி அழைத்துவந்தார். மறுவருடம் கட்டணத்தைக் குறைத்து மீண்டும் வருமாறு அழைத்தவரும் ஹோலே. 1996 மே 10 பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் எவரும் மேலே செல்லலாகாது என்பது விதி. ஹான்சன் உச்சியை அடைந்தபோது நான்கு மணியளவாகிவிட்டது. ஹோல் காத்திருந்தார். விதியை வகுத்தவரே அதனை மீறினார். நட்பா, இரக்கமா, கொடுத்த வாக்கா, அவ்வருடம் பிஷரின் கொம்பனியோடு இருந்த போட்டியா? எல்லாம் சேர்ந்தே இருந்திருக்கும். இருவரும் மீளவில்லை. மறுநாள் அங் டோர்ஜே, லக்பா சிரி என்னும் இரு ஷெர்ப்பாக்கள், முதல்நாட் களைப்பு நீங்குமுன்பே, ஹோலை மீட்பதற்காகத் தென் கணவாயிலிருந்து காற்றை எதிர்த்து ஏறினர். காற்று அவர்களைத் திருப்பிவிட்டது. ஒரு தபாற்காரரும் தம் சேமிப்பால் அரசனின் ஆசனத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்பதே இச்சந்தையின் கவர்ச்சி. கல்வெட்டிலே பெயர் பொறிக்கப்படவேண்டும் என்ற ஏக்கத்தை உழைப்பாளியின் நெஞ்சிலும் விதைத்துவிடுகின்ற ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கிரகாவர் ஹான்சனை எழுதும் பக்கங்களிலே இதனை உணர்ந்தே எழுதியிருக்கிறார். நூலின் மிகச் சிறந்த பக்கங்களும் அவையே.

இனி, கயிறு கட்டியவர்கள் தாமே பேசிய நூல்கள் உண்டா? உண்டு, மிகச் சில. திபெத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து நேபாளத்தின் சோலு கும்புப் பகுதியிற் குடியேறிய ஷெர்ப்பா மக்கள், பிரித்தானியர் காலத்திலே வேலை தேடி டார்ஜிலிங் சென்றனர். ஓர் இனத்தின் பெயர் நாளடைவிலே ஒரு தொழிலின் பெயராயிற்று. அக்கால மலையேற்ற ஏடுகளிலே அவர்களையும் ஏனைய சுமைகாரரையும் குறிக்க வழங்கிய சொல் 'கூலி'. அச்சொல் நம் மொழியிலிருந்தே ஆங்கிலம் சென்றது என்று கொள்வோர் உளர். இந்நாட்டு மலையகத் தோட்டப் பதிவுகளிலே நம்மவர்க்கு இட்ட பெயரும் அதுவே என்பதை நம் வாசகர்க்குச் சொல்லத் தேவையில்லை.

டென்சிங்கின் தன்வரலாறு 1955இல் வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதியது. உச்சிக்குக் கீழேயுள்ள செங்குத்துப் பாறையிலே தம்மை இழுத்தேற்றிய மீனுக்கு ஒப்பிட்டு ஹிலாரி எழுதியிருந்ததை டென்சிங் அதிலே மறுக்கின்றார். அம்மறுப்பில் வெறுப்பு இல்லை, தன்மானம் இருக்கிறது. முதலில் அடியெடுத்து வைத்தவர் ஹிலாரியே என்ற உண்மையையும் அவரே சொல்கின்றார். இன்னொரு நிகழ்ச்சி: 1953 பயணத்தின் தொடக்கத்தில், காத்மண்டுவிலே பிரித்தானியத் தூதரகத்தில் ஷெர்ப்பாக்களுக்கு மலசலகூட வசதியற்ற வாகனக் கொட்டகை ஒன்றே இராத் தங்கத் தரப்பட்டது. மறுநாட் காலை அவர்கள் அக்கட்டடத்தின் முன்னாலிருந்த வீதியையே அதற்குப் பயன்படுத்தித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். 'உலகின் உச்சியை அடைந்த மனித ஆன்மா' என்று பேசும் நூல்களிலே இச்சம்பவத்துக்கு எத்தனை வரி கிடைக்கும்? 1950இல் அன்னபூர்ணா சென்ற பிரெஞ்சுக் குழுவின் ஷெர்ப்பாத் தலைவர் அங் தார்க்கேயின் நினைவுகளும் அவர் சொல்லப் பிறர் எழுதியவையே. 1954இல் பிரெஞ்சு மொழியில் வந்த அந்நூல் ஆங்கிலத்துக்கு வந்தது 2016இல். அக்குழுவின் தலைவர் எர்சோக்கின் நூலோ வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் உலக மொழிகள் பலவற்றிலே புகழ்பெற்றுவிட்டது.

நம் ஆற்றுப்படை நூல்களிலே பேசுபவன் வழி அறிந்தவன். மலைபடுகடாத்திலே எங்கே கால் வழுக்கும், எங்கே எவர் இருப்பர் என்று சொல்பவன் தானும் அவ்வழியே நடந்த கூத்தன். கேட்பவனும் அவனைப்போன்ற வறிய கலைஞனே. வழிகாட்டிப் பயண நூல்களிலே இது தலைகீழாகின்றது. வழிகாட்டப்பட்டவனே பேசுகின்றான், வழி அறிந்தவன் வாய் திறப்பதில்லை.

2014இல் அவ்வாய் திறந்தது. ஏப்ரல் 18ஆந் திகதி காலை மேற்குத் தோளிலிருந்து பனித்தொகுதியொன்று உடைந்து பனியருவியில் வீழ்ந்தது. 16 பேர் இறந்தனர். அனைவரும் நேபாளத் தொழிலாளர். மூவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. குடும்பமொன்றுக்கு 40,000 நேபாள ரூபா உடனடி உதவி என்றது அரசு. ஏறக்குறைய 400 டொலர். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அப்பருவத்தில் இனி ஏறமாட்டோம் என்றனர். நேபாளப் பக்கத்துப் பயணங்கள் நின்றுபோயின. கட்டாயக் காப்புறுதி 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. ஆஸ்திரேலியரான ஜெனிபர் பீடம் வேறொரு நோக்கோடு படம்பிடிக்கச் சென்றிருந்தார். கண்முன்னே நடந்ததை எடுத்தார். அதுவே 2015இல் வெளிவந்த 'ஷெர்ப்பா' என்னும் விவரணப் படம். சில முரடர்கள் ஏனையோரை மிரட்டுகின்றனர் என்ற விளக்கம் அதிலே வாடிக்கையாளருக்குத் தரப்படுகின்றது. வேலைநிறுத்தம் நடந்த ஊர்களிலெல்லாம் நாம் கேட்டுப் பழகிய விளக்கமே அது. அவர்களுடைய உரிமையாளரோடு பேசமுடியாதா என்று அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் கேட்கின்றார். உரிமையாளர்! அவர் கொடியவராகத் தோன்றவில்லை. ஏமாற்றமடைந்த சாதாரண மனிதராகவே தோன்றுகின்றார். அதனாலேயே அச்சொல் நெஞ்சிலே தைக்கின்றது. நாவலாசிரியன் ஒருவன் இதனைக் கற்பித்து எழுதியிருந்தால் மிகைபடக் கூறினான் என்றிருப்போம்.

அதன் பின்னர் நிலைமை மாறியிருக்கின்றது. எவரெஸ்டிலே இன்று நேபாளியர் நடத்தும் கொம்பனிகளே முன்னணியில் உள்ளன. 2021 சனவரி 16ஆந் திகதி நேபாளியர் பதின்மர், குளிர்காலத்தில் எவரும் ஏறாதிருந்த கே2 சிகரத்தை, உச்சிக்குப் பத்து மீற்றர் கீழே ஒருவரையொருவர் காத்துநின்று, ஒன்றாக அடைந்தனர். அவர்களுள் ஒருவரான நிர்மல் பூர்ஜாவைப் பற்றிய '14 பீக்ஸ்' (2021) என்ற படத்திலே, உதவிய ஷெர்ப்பாவின் பெயரைச் சொல்லாமல் 'என் ஷெர்ப்பா உதவினார்' என்று சொல்லிச் செல்லும் மேனாட்டாரை அவர் கடிந்துகொள்கின்றார். நியாயமான கோபம். ஆனால் அப்படத்தின் உருவமோ பழைய தனிவீரக் கதையின் உருவமே. முதலாளியின் நாடு மாறியது. பொதியின் நிறை மாறவில்லை. இனப்பெருமையாலே இதனைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவோர் கும்புப் பள்ளத்தாக்கின் குடும்பங்களைக் கேட்கவேண்டும். இத்தொழிலே வேண்டாம் என்றும் அங்கே பலர் சொல்லார். பாடசாலையும் வீட்டுக் கூரையும் அதனால் வந்தவை. தம் பிள்ளைகள் மலையேறவேண்டிய தேவை இருக்கக்கூடாது என்பதற்காகவே தாம் ஏறியதாக டென்சிங் கருதியதை, அவர் மகன் ஜம்லிங் 2001இல் எழுதிய நூலிலே காணலாம். அம்மகனோ 1996 மே மாதம், அந்தப் புயலின் பின்னர், அதே உச்சியில் ஏறிநின்றவர்.

'ஷெர்ப்பா' படத்தின் நாயகரான பூர்பா தாஷி 21 முறை உச்சியை அடைந்தவர். இன்னொரு முறை ஏறினால் உலக சாதனை. ஏறவேண்டாம் என்று வீட்டார் அழுகின்றனர். 2014இல் அவர் ஏறவில்லை. பின்னரும் அச்சாதனையைத் தேடிச் செல்லவில்லை. 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்காகப் பனியருவி வைத்தியர்கள் பாதையை மேற்குத் தோளின் அடியிலிருந்து விலக்கி நடுப்பகுதியாற் கொண்டுசென்றனர். கடினமான பாதை, ஆயினும் தலைக்குமேல் தொங்கும் பனியின் அபாயம் அதிலே குறைவு. அதனைத் தேடிக் கண்டு, ஏணி வைத்து, கயிறு கட்டியவர்களின் பெயர்களை எந்த நூலின் எந்தப் பக்கத்திலே பார்ப்பது?